மெல்ல இறங்கும் ஊசி

டாக்டரம்மா முதலில் பார்ப்பது நாயை அல்ல, செல்போனை. லேப்ரடார் மேசைக்குக் கீழே படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வயது, 30 கிலோ எடை, மினுமினுக்கும் மஞ்சள் முடி. இந்த நொடியில் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. செல்போன் திரையில் அதே நாய் சமையலறைத் தரையில் பக்கவாட்டில் கிடக்கிறது. தாடை அடித்துக்கொள்கிறது. வாயில் நுரை. நான்கு கால்களும் காற்றில் துழாவுகின்றன, அடியில் சிறுநீர் பரவுகிறது. பின்னால் ஒரு பெண் குரல் "சாவி, சாவி" என்று அலறுகிறது. ஒரு கை வந்து சாவிக்கொத்தை நாயின் முன்னங்காலில் திணிக்கப் பார்க்கிறது.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"வீடியோவா மேடம்? ஒண்ணே கால் நிமிஷம்."

"வீடியோ இல்ல சார். வலிப்பு."

அப்பா மகளைப் பார்க்கிறார். கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண். "ரெண்டு நிமிஷத்துக்குள்ள நின்னுருச்சு மேடம். எனக்குத்தான் அரை மணி நேரம் மாதிரி இருந்துச்சு" என்கிறாள்.

மதுரைப் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளர் கூடம். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதன் ஓரத்தில் உட்கார்ந்தால் மேசையும் தெரியும், வாசலும் தெரியும். இங்கே வருகிற எந்த உயிரும் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்வதில்லை. கொண்டுவந்தவர் சொல்வதையும் டாக்டர் கண்ணில் படுவதையும் சேர்த்துத்தான் மருந்து முடிவாகிறது. வலிப்பு நோயில் டாக்டர் கண்ணில் படுவதுகூட இல்லை. மருத்துவமனைக்கு வந்து சேரும்போது நாய் தேறி வாலாட்டுகிறது. அதனால் அந்த ஒண்ணே கால் நிமிஷ வீடியோ ரத்தப் பரிசோதனைக்குச் சமமான சாட்சி. டாக்டர் அதை மூன்று முறை ஓடவிட்டுப் பார்க்கிறார். எந்தக் கால் முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் எப்படி இருந்தது என்று பார்க்கிறார். நாய்க்கு நினைவு இருந்ததா என்பதுதான் அவருடைய பெரிய கேள்வி. மயங்கி விழுவதும் வலிப்பும் பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பிறகுதான் நாயைத் தொடுகிறார். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்க்கிறார். எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது வீட்டில் வைத்தீர்களா என்று கேட்கிறார். சர்க்கரை, கால்சியம், கல்லீரல் பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்கிறார். எல்லாம் சரியாக இருந்து, ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும் வலிப்பு என்றால், பெரும்பாலும் காரணம் என்று கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் கிடைக்காது. லேப்ரடார், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் அது பரம்பரையாகவும் வரும்.

"சாவிய விட்டுருங்க சார். இரும்பு குடுத்ததால நிக்கல. நிக்கிற நேரம் வந்துச்சு, நின்னுச்சு. வாய்கிட்ட கை கொண்டுபோனா விரல் போயிரும். அதுக்குத் தெரியாது, கடிக்கிறோம்னு. பக்கத்துல இருக்கற ஸ்டூல், டேபிளை நகத்துங்க. ஃபேனைப் போடுங்க. மொதல்ல மணியைப் பாருங்க."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவர் அழுத்திச் சொல்கிறார். ஐந்து நிமிடம் தாண்டினால் அது வேறு கதை. தானாக நிற்கும் வலிப்பு தானாக நிற்காத வலிப்பாக மாறும் எல்லை அது. உடல் வெப்பம் ஏறும், மூளையே சேதப்படும். ஒரே நாளில் இரண்டு மூன்று வந்தாலும் காத்திருக்கக்கூடாது. இந்த நாய்க்கு இரண்டு மாதத்தில் நான்கு முறை வந்துவிட்டது.

சீட்டில் பினோபார்பிட்டால் எழுதுகிறார். 60 மில்லிகிராமில் ஒன்று, 30-இல் ஒன்று, சேர்த்து 90. கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கு. காலை ஏழு, இரவு ஏழு. மனிதர்களுக்காக வந்த மருந்துதான். 1912-இல் ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஆல்ஃபிரட் ஹௌப்ட்மான் என்ற இளம் மருத்துவர் அதைக் காக்காய் வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வலிப்பு குறைவதைக் கண்டார். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தும் நாய்களின் வலிப்புக்கு முதலில் எடுக்கப்படும் மருந்து அதுவாகவே இருக்கிறது. விலையும் குறைவு.

"ரெண்டு வாரம் கழிச்சு ரத்தத்துல மருந்து எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கணும். அதுவரைக்கும் தள்ளாடும், தூங்கி வழியும். பயப்படாதீங்க. தண்ணி நெறையக் குடிக்கும், ஒண்ணுக்கு நெறையப் போகும், எந்நேரமும் பசிக்குதுன்னு நிக்கும். ஏமாந்து சோறு போட்டீங்கன்னா குண்டாயிரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஈரல் பார்க்கணும்."

"எத்தனை நாளைக்கு மேடம்?"

"அது இருக்கற வரைக்கும்."

அப்பா சீட்டை மடிக்கிறார், மறுபடி பிரிக்கிறார். வலிப்பு வராமல் ஒரு மாதம் போனால் வீட்டில் யாராவது "இப்பத்தான் சரியாயிருச்சே" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். டாக்டருக்கு அது தெரியும். அதனால் அப்பாவிடம் பேசுவதை விட்டு மகள் பக்கம் திரும்புகிறார். திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதாலேயே முன்னைவிட மோசமான வலிப்பு வரும் என்கிறார். மாத்திரை பத்தாமல் போனால் அடுத்து பொட்டாசியம் புரோமைடு சேர்க்க வேண்டியிருக்கும். அது 1857 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவரும் உப்பு. நாயின் உடம்பில் பாதி குறையவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், நிலைத்து நிற்க மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அப்போது சாப்பாட்டில் உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருநாள் கருவாட்டுச் சோறு, இரண்டு அப்பளம் என்று மாறினால் உப்பு ஏறி புரோமைடைச் சிறுநீரில் தள்ளிவிடும், வலிப்பு திரும்பும். பெண் இதையெல்லாம் செல்போனில் தட்டிக்கொள்கிறாள். அந்த வீட்டில் நாயின் வைத்தியர் இனி அவள்தான்.

அவசரத்துக்கு டயசிபாம் மூன்று ஆம்பூல். ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்த வேண்டும். "முன்னாடியே சிரிஞ்சுல எடுத்து வைக்காதீங்கம்மா. பிளாஸ்டிக் மருந்தை இழுத்துக்கும். கண்ணாடிக் குப்பியிலயே, வெளிச்சம் படாம இருக்கட்டும்." சீட்டில் நாயின் பெயரை எழுதுகிறார். மருந்துக்கடையில் இந்த மருந்துக்குத் தனிப் பதிவேடு உண்டு. எழுதிய மருத்துவர், நோயாளியின் பெயர், அளவு எல்லாவற்றையும் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாய்க்கா என்று கடைக்காரர் தயங்கினால் காட்டச் சொல்லி, தன் பதிவு எண்ணுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்துக் கொடுக்கிறார்.

வாசலில் மினி ஆட்டோ வந்து நிற்கிறது. ஓட்டுநர் ஆரனை அழுத்த, பின்தட்டில் நின்றிருந்த வெள்ளாட்டுக் கிடா அப்படியே பக்கவாட்டில் சாய்கிறது. சாய்ந்த பிறகும் கால்கள் மடங்கவில்லை. டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"ஆரன் அடிக்காதீங்கண்ணே! வண்டியை நிறுத்துங்க, இன்ஜினை நிறுத்துங்க."

எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி இறங்குகிறார். முந்தானையால் கிடாவின் வாயோரத்தைத் துடைக்கிறார். "வாய் கிட்டிப்போச்சு தாயி. முந்தாநேத்துலருந்து அசை போடல. தண்ணி காட்டுனா மூஞ்சியை வைக்குது, குடிக்க மாட்டேங்குது."

காதுகள் இரண்டும் விறைத்து நிற்கின்றன. வால் தூக்கியிருக்கிறது. கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு ஏறிவந்து பாதிக் கண்ணை மூடுகிறது. டாக்டர் கிடாவைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்.

"எப்ப காயடிச்சீங்க ஆத்தா?"

பாட்டிக்கு ஆச்சரியம். "பன்னெண்டு நாளாச்சு. ஊருல ஒருத்தர் பிளேடு போட்டு எடுத்தாரு. உனக்கு எப்பிடித்தாயி தெரியும்?"

ரணஜன்னி. சாணமும் மண்ணும் இருக்கும் இடமெல்லாம் இருக்கிற கிருமி. காற்றுப் புகாத ஆழமான புண்ணுக்குள் போனால் பெருகி நஞ்சை விடும். நாய்க்கு அரிதாகத்தான் இந்த நோய் வரும். குதிரைக்கும் ஆட்டுக்கும் மனிதனுக்கும் எளிதாக வரும். நஞ்சு நரம்பு வழியே ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. தசையைச் சுருக்கச் சொல்லும் நரம்பு அங்கே இருக்கிறது. "போதும், விடு" என்று சொல்லும் சின்ன நரம்புச் செல்களும் இருக்கின்றன. நஞ்சு அந்த இரண்டாவது கூட்டத்தின் வாயை அடைத்துவிடுகிறது. பிறகு சுருங்கு என்ற கட்டளை மட்டும்தான் மிச்சம். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒரு கதவு அடித்துக்கொண்டால் போதும், உடல் முழுக்க வெட்டி இழுக்கும். மூளையில் கோளாறு இல்லை. ஆடு முழு நினைவோடு இத்தனையையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நோயில் என்னை அதிகம் உலுக்குவது இதுதான்.

மூன்று பேர் சேர்ந்து சத்தமில்லாமல் தூக்கி உள்ளே கொண்டுவருகிறார்கள். உதவியாளர் அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறார். யாரும் சொல்லவில்லை. அவர் பல ஆண்டுகளாக இங்கே இருப்பவர்.

எடை 18 கிலோ. கழுத்து முடியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார் டாக்டர், சவரக் கருவியின் இரைச்சல் வேண்டாமென்று. ஆம்பூலை உடைத்து டயசிபாம் எடுக்கிறார். 2 மில்லியில் 10 மில்லிகிராம். அதில் சொட்டுக் குறைவாக, 9 மில்லிகிராம். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி ஏறுகிறது. இனிப் பார்க்க வேண்டியது அவருடைய கட்டைவிரலை. நகர்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மெல்ல அமுக்குகிறார். கண் ஆட்டின் விலாவில் இருக்கிறது. ஒரு மூச்சு, கொஞ்சம் மருந்து. அடுத்த மூச்சு, இன்னும் கொஞ்சம். வேகமாக ஏற்றினால் விறைப்போடு மூச்சும் தளர்ந்துவிடும். கூடத்தில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குழந்தையைக் கூட்டிவந்த ஒருவர் அதை வெளியே தூக்கிக்கொண்டு போகிறார்.

முதலில் ஒரு காது இறங்குகிறது. பிறகு மற்றொன்று. கழுத்து நேராகிறது. முன்னங்கால் முட்டியில் கொஞ்சம் மடிகிறது. பாட்டி ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், உதவியாளர் உதட்டில் விரல் வைக்கிறார்.

நஞ்சை இந்த மருந்து தொடவே இல்லை. "விடு" என்று சொல்லும் குரல் தண்டுவடத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். விறைப்பு குறைந்த இந்த இடைவேளைக்குள் மற்ற வேலைகள் நடக்க வேண்டும். காயடித்த புண்ணைத் திறந்து சீழை வழித்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள், நுரை பொங்குகிறது. கிருமியைக் கொல்ல பெனிசிலின். இன்னும் நரம்பில் ஏறாத நஞ்சை ரத்தத்திலேயே மடக்க எதிர்நஞ்சு ஊசி. ஏறிவிட்டதை எந்த ஊசியும் கழற்றாது. நரம்பு தானாகத் தேறிவர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஆடு மூச்சுவிட வேண்டும், தின்ன வேண்டும், வயிற்றுக் காற்று வெளியேற வேண்டும். இப்போது தாடை சற்றே திறந்திருப்பதால் குழாய் இறக்க முடிகிறது. புளித்த வாடையோடு காற்று வெளியே வந்து உப்பிய வயிறு தணிகிறது.

"பொழைக்குமா தாயி?"

"பாதிக்குப் பாதிகூட சொல்ல முடியாது ஆத்தா. படுத்துட்டதால கஷ்டம்தான். மருந்து ஆறு மணி நேரம் தாங்காது. மறுபடி போடணும், மறுபடி போடணும். ராத்திரியும் போடணும். இங்கயே விட்டுருங்க."

மருந்துப் பெட்டிகள் வைக்கும் பின்னறையை ஒழிக்கிறார்கள். ஜன்னலுக்குச் சாக்கு. தரையில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். கிடாவின் இரண்டு காதுகளிலும் பஞ்சு. கதவுக்கு வெளியே சுண்ணாம்புக் கட்டியால் "சத்தம் போடாதே" என்று எழுதுகிறார் உதவியாளர். இருட்டையும் அமைதியையும் டயசிபாமோடு சேர்த்து மருந்தாகவே எண்ண வேண்டும். அது இல்லாவிட்டால் ஊசி தோற்றுவிடும்.

தசையைத் தளர்த்துவது என்பதில் ஒரு பெரிய ஏமாற்று ஒளிந்திருக்கிறது. ஆடாமல் கிடக்கும் விலங்கு அமைதியாக இருக்கிறது என்று நம் கண் நம்பிவிடும். 1814-இல் லண்டனில் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஒரு பெண் கழுதைக்கு, தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சைச் செலுத்தினார். கழுதை அசைவற்று விழுந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டுத் துருத்தியால் மணிக்கணக்கில் காற்று ஊதினார்கள். நஞ்சின் பிடி விலகியதும் எழுந்து நின்றது. அதன் பிறகு ஏறக்குறைய 25 ஆண்டு உயிரோடிருந்தது. நஞ்சு தசையை மட்டும்தான் பூட்டியது, உயிரை அல்ல என்று அன்று உலகம் தெரிந்துகொண்டது. அந்தக் கழுதை விழுந்து கிடந்த நேரமெல்லாம் என்ன உணர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் குதிரைகளை வீழ்த்த சக்சினில்கோலின் மட்டும் கொடுத்துச் சிறு அறுவைகள் செய்தார்கள். அதுவும் அதே வகை. தசை செயலிழக்கும், வலி முழுதாகத் தெரியும், கத்த மட்டும் முடியாது. இன்று மயக்கமும் வலிநீக்கமும் இல்லாமல் அந்த மருந்தைத் தொடுவது கொடுமை என்று கால்நடை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தெளிவுக்கு எத்தனை வாயில்லா ஜீவன்கள் விலை கொடுத்திருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

நண்பகலுக்குள் கொம்பு முறிந்த காளை ஒன்று வருகிறது. அதை மயக்கித் தளர்த்த சைலசின். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அளவு தெரியாத கை இதில் கொன்றுவிடும். காளையின் தலை தாழ்ந்து, உதடு தொங்கி, எச்சில் ஒழுக, தானாகவே மண்டியிட்டுப் படுக்கிறது. எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி உதவியாளர் மூக்கைக் கீழ்நோக்கிச் சரித்து வைக்கிறார். கொம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி தனியாகப் போடப்படுகிறது.

ஒரு இளைஞன் பிளாஸ்டிக் கூடையில் பூனை கொண்டுவருகிறான். தோல் முழுக்கத் துடிக்கிறது, காது படபடக்கிறது. உண்ணிக்காக நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கும் பிடரியில் விட்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் பெர்மெத்ரினை நாயின் ஈரல் உடைத்துவிடும், பூனையின் ஈரலால் முடியாது. பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் குளிப்பாட்டச் சொல்லிவிட்டு, எதிரே உள்ள கடையிலிருந்து மெத்தோகார்பமால் வாங்கிவரச் சொல்கிறார் டாக்டர். இடுப்புப் பிடிப்புக்கு நம் வீடுகளில் போட்டுக்கொள்கிற மருந்துதான். ஊசி இறங்கி அரை மணியில் துடிப்பு அலையலையாகக் குறைகிறது. "சார், அந்தப் பாக்கெட்ல பூனைப் படத்துக்கு மேல ஒரு கோடு போட்டிருந்திருக்கும், பார்த்தீங்களா?" என்கிறார். இளைஞன் தலை குனிந்து நிற்கிறான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மருந்து இருந்துவிடவில்லை. மூலையில் ஒரு நாட்டு நாய்க்குட்டி, நான்கு மாதம் இருக்கும். ஒரு தெருவே சேர்ந்து வளர்ப்பது, மூன்று சிறுவர்கள் அட்டைப்பெட்டியில் சுமந்து வந்திருக்கிறார்கள். தூங்கும்போதும் அதன் இடது பின்னங்கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. டிஸ்டம்பர் என்னும் வைரஸ் நோய். வலிப்பை மருந்து கொஞ்சம் அடக்கும். இந்தக் கால் துடிப்புக்குப் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. டாக்டர் சிறுவர்களின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பேசுகிறார். என்ன சொன்னார் என்பது பெஞ்சுக்குக் கேட்கவில்லை. பெரியவன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்று மணிக்குப் பின்னறையில் அடுத்த ஊசி. பாட்டி கதவோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், போகவில்லை. கஞ்சித் தண்ணீரைக் குழாய் வழியாக விட்டாயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கேட்கிறார்.

"வீட்ல இன்னும் எத்தனை உருப்படி ஆத்தா?"

"ஒம்பது. அதுல நாலு கிடாக்குட்டி. அந்த ஆளு அடுத்த வாரம் மறுபடி வாரேன்னுருக்காரு."

"வேணாம். பிளேடு வேணாம். இங்க இடுக்கி இருக்கு. தோல் கிழியாம நரம்பை மட்டும் நசுக்கும், ரத்தமே வராது. அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் ரணஜன்னித் தடுப்பூசி போடணும், ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு."

"ஒம்பதையும் ஏத்திட்டு வர ஆட்டோக்காரன் ஐந்நூறு கேப்பானே தாயி."

டாக்டர் உதவியாளரைப் பார்க்கிறார். உதவியாளர் சுவரில் தொங்கும் முகாம் அட்டவணையில் விரல் வைத்துத் தேடுகிறார்.

"புதன்கிழமை பக்கத்து ஊருதான் மேடம். அங்கருந்து ரெண்டு கிலோமீட்டர்."

"அப்ப காலைல எட்டு மணிக்கு வர்றோம் ஆத்தா. மேய்ச்சலுக்கு ஓட்டிராம கட்டி வைங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க. அந்தக் காயடிக்கிற அண்ணனையும் வரச் சொல்லுங்க, அவர்கிட்டப் பேசணும்."

"அவரு வருவாரு. என் தம்பி மகன்தான்" என்கிறார் பாட்டி.